பிடித்தம் போக மீதிப் பார்வை

காக்கைகள்தான் முதலில் போயின.

உப்பளத்தில் காக்கை இல்லாத காலை கிடையாது. பெண்கள் தூக்குவாளிகளை வரப்பில் வைத்துவிட்டுப் பாத்திக்குள் இறங்கினால் போதும், எங்கிருந்தோ வந்து உப்பு அம்பாரத்தின் உச்சியில் வரிசையாக உட்கார்ந்துவிடும். வெள்ளைக் குவியலின் மேல் கறுப்புப் பொட்டுகள். கண் திரும்பக் கிடைத்தபோது சண்முகக்கனி ஆசையோடு பார்த்துக்கொண்டே நின்ற முதல் காட்சி அதுதான்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை அம்பாரத்தின் உச்சி வெறுமனே இருந்தது. கரைகிற சத்தம் மட்டும் கேட்டது.

"காக்கா எங்கனட்டி கத்துது?" என்று கேட்டாள்.

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த சந்தனமாரி நிமிர்ந்தாள். கனியின் நாத்தனார். கனியின் புருஷன் இறந்துபோன வீட்டில் இப்போது அவளோடு இருந்த ஒரே ஆள்.

"என்ன மைனி இப்படிக் கேக்கிய? உங்க கண்ணுக்கு நேரா பதினஞ்சு உக்காந்திருக்கு. ஒண்ணு உங்க தூக்குவாளியத் தொறக்கவே பாக்குது."

கனி திரும்பினாள். வரப்பில் தூக்குவாளி இருந்தது. அதைச் சுற்றி எதுவும் இல்லை. மூடி தானாக ஒரு பக்கம் எழும்பியது, விழுந்தது. மறுபடி எழும்பியது.

அவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மூடியின் மேல் கையை வைத்து அழுத்தினாள். முகத்துக்குப் பக்கத்தில் சிறகடிக்கிற காற்று பட்டது.

இருபத்திரண்டு வருஷம் உப்பில் பட்டுத் திரும்புகிற வெயிலைப் பார்த்துப் பார்த்து அவள் கண் போயிருந்தது. அளத்தில் அது புதிதில்லை. நாற்பது தாண்டினால் பாதிப் பேருக்கு மங்கும், சிலருக்கு முழுசாகப் போகும். போன ஐப்பசியில் அரசாங்கத்தின் கண் திட்டத்தில் அறுவை நடந்தது. விழிக்குப் பின்னால் அரிசியளவு ஒரு சில்லு, மூக்கின் மேல் ஒரு கண்ணாடி. கண்ணாடியின் நடுவில் இருக்கும் கேமரா பிடிப்பதைக் கோபுரம் வழியாக எங்கோ ஒரு கணினிக்கு அனுப்பும். அது மனிதர், மாடு, பள்ளம் என்று பிரித்து அறிந்து, புரிகிற படமாக்கித் திருப்பி அனுப்பும். எல்லாம் இமை கொட்டுகிற நேரத்தில். எல்லாம் இலவசம்.

கண்ணாடியைக் கழற்றினால் இருட்டு.

அன்று மாலை மாரி கனியின் போனைத் துழாவி ஒரு பழைய செய்தியைக் கண்டுபிடித்தாள். மாசி மாதம் வந்தது. அரசாங்கத்திலிருந்து வருகிற எத்தனையோ செய்திகளில் ஒன்று என்று இருவரும் அப்போது விட்டுவிட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல மாரி நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"தங்களுக்குக் கூடுதலாக வழங்கப்பட்ட உதவி, தாங்கள் பெற்றுவரும் பிற திட்டங்களின் பயன்களைக் குறைப்பதன் மூலம் ஈடு செய்யப்படும்."

"அப்படின்னா?"

"அரிசியக் கொறப்பாவளா இருக்கும்," என்றாள் மாரி. "கொறச்சா கொறச்சிட்டுப் போறாவ. நீங்கதான் எப்பப் பாத்தாலும் சோத்த மிச்சம் வைக்கியளே."

ஆனால் ரேஷனில் அரிசி குறையவில்லை. ஒரு கிராம்கூட.

சித்திரையில் நட்சத்திரங்கள் போயின. தெருநாய்கள் போயின. வைகாசி பிறந்து நாலாம் நாள், கனி டவுனுக்குப் போகப் பேருந்தில் ஏறினாள். வண்டி காலியாக இருந்தது. டிரைவர் மட்டும் தெரிந்தார். அதிர்ஷ்டம்தான் என்று நினைத்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த இடம் சுடுசுடுவென்று இருந்தது. அது அசைந்தது.

"ஏ தாயி! மடியில வந்து உக்காருதியே!" என்று ஒரு கிழவரின் குரல் காதுக்குள் கேட்டது. "எம் பொண்டாட்டிகூட இப்படி உக்காந்தது கெடையாது."

அந்தக் காலிப் பேருந்து முழுக்கச் சிரித்தது.

கனி எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டவுன் வரும்வரை யார் யாரோ அவளை இடித்துக்கொண்டு இறங்கினார்கள், ஏறினார்கள். ஒரு குழந்தை அவள் சேலையைப் பிடித்து இழுத்தது. முந்தானை விறைப்பாக நீண்டு நிற்பதை மட்டும் அவள் பார்த்தாள்.

அந்தச் செய்தியை அனுப்பிய ஈடுகட்டுப் பிரிவு கலெக்டர் அலுவலகத்தின் பின்கட்டிடத்தில் இருந்தது. நீளமான கூடம். முப்பது நாற்காலிகள், முப்பதும் காலி. இருமல் கேட்டது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள். கைக்குழந்தை ஒன்று சிணுங்கியது, அதைத் தட்டிக்கொடுக்கிற சத்தமும் வந்தது. கனி வாசலிலேயே நின்றாள்.

"இடது பக்கம் மூணாவது நாற்காலி காலி," என்று மேசைக்குப் பின்னாலிருந்தவர் சொன்னார். "அதுல உக்காருங்க. பயப்படாதீங்க, அங்க யாருமில்ல."

ஐம்பது வயதிருக்கும். வேர்வைக்காகச் சட்டைக் காலருக்குள் கைக்குட்டை செருகியிருந்தார். மேசையில் தேவசகாயம் என்று பெயர்ப்பலகை. பெயரைப் பார்த்துப் பார்த்து அழைத்துக்கொண்டே இருந்தார். கனியின் முறை வர ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை அவள் கைகளை மடியில் ஒடுக்கி வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சண்முகக்கனி. போன வருஷம் ஐப்பசியிலருந்து மார்கழி வரைக்கும் மழைக்கால நிவாரணம் வாங்கியிருக்கீங்க," என்றார் தேவசகாயம். "அளத்துல வேலை இல்லாத மாசத்துக்கு உண்டானது அது. ஆனா அந்த மூணு மாசமும் உங்க வருகையைப் பதியற கை வளையம் அளத்து வாசலைத் தாண்டிப் போயிருக்கு. அறுபத்தொரு நாள்."

கனி மணிக்கட்டிலிருந்த வளையத்தை முந்தானையால் மூடினாள்.

போன வருஷம் மழை பொய்த்தது. மழை பெய்யாவிட்டால் உப்பு விளையும், விளைந்தால் வார வேண்டும். முதலாளி பாதி அளத்தை ஓட்டினார். கனி கண்ணில் கட்டோடு படுத்திருந்தாள். அப்போதுதான் புருஷன் விட்டுப்போய்ப் பரமக்குடியிலிருந்து திரும்பி வந்திருந்தாள் மாரி. அவளுக்கு இந்த ஊரில் பதிவு இல்லை, வளையம் இல்லை. கனி தன் வளையத்தைக் கழற்றி அவள் கையில் பூட்டினாள். அளத்தில் அது காலகாலமான வழக்கம். பிள்ளை பெற்றவளுக்குப் பதில் தங்கச்சி வருவாள், காய்ச்சல்காரிக்குப் பதில் மகள் வருவாள். ஆள் மாற்று என்பார்கள். கங்காணிக்கும் தெரியும். தப்பு என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. நிவாரணப் பணம் கனியின் கணக்கில் தானாக வந்தது, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்ததில் கரைந்தது.

"அரிசியில பிடிச்சுக்கோங்க சார்," என்றாள்.

"அரிசியில கை வைக்கக் கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவு இருக்கும்மா. கேஸ் மானியம், பிள்ளைங்க படிப்பு உதவி, எல்லாத்துக்கும் பாதுகாப்பு இருக்கு. அந்த உத்தரவு எழுதின காலத்துல கண் திட்டம் கிடையாது. அதனால அது பட்டியல்ல இல்ல."

"பணமாக் கட்டிருதேன். கொஞ்சம் கொஞ்சமா."

"பணமா வாங்கறதுக்கு இங்க வழியே கிடையாது. ஒரு திட்டத்துல கூடிப்போனதை இன்னொரு திட்டத்துல குறைக்கணும். இந்தப் பிரிவோட வேலையே அது ஒண்ணுதான்."

"அதுக்குக் காக்காயவா எடுப்பாவ?"

எங்கோ ஒரு காலி நாற்காலி சிரித்தது. தேவசகாயம் சிரிக்கவில்லை.

"பார்வையை மொத்தமா நிறுத்தினா விழுந்து கை கால் முறியும்னு டாக்டர்கள் சொல்லிட்டாங்க. அதனால காட்சியைக் குறைக்கிறாங்க. ஒவ்வொரு உருவத்தையும் பிரிச்சு அறியறது கணினிக்குச் செலவு. நீங்க கம்மியா பாக்கறது முதல்ல போகும். அப்புறம் மனுஷங்க. அதுலயும் அசையாம இருக்கற முகத்துக்குச் செலவு கம்மி. எப்பவும் பேசிக்கிட்டும் சிரிச்சுக்கிட்டும் இருக்கற முகத்துக்குச் செலவு ரொம்ப ஜாஸ்தி. எடுத்த இடத்தைச் சுத்தி இருக்கறதை வச்சு நிரப்பிரும். நாற்காலின்னா நாற்காலி, உப்புன்னா உப்பு. வண்டி, பள்ளம், தலைமேல வர்ற சுமை, அடிபடக்கூடிய எதையும் மறைக்காது. அது விதி."

"நீங்க தெரியுதியளே?"

"அரசு ஊழியர்களுக்கு விலக்கு இருக்கு."

அவர் ஒரு படிவத்தை எடுத்துவைத்தார். கடைசிவரை மறையாமல் இருக்க இரண்டு முகங்களை அவள் பதிந்துகொள்ளலாம். புகைப்படம் வேண்டும்.

"முதல் முகம்?"

"எம் மக. எழிலரசி. நாகர்கோவில்ல நர்சிங் படிக்கா."

"ரெண்டாவது?"

கனி போனில் மாரியின் படத்தை எடுத்துவிட்டாள். மாரி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். தேவசகாயம் கையை நீட்டாமல் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஒண்ணு சொல்லிர்றேன். போட்டோ ஏத்தின நிமிஷமே கணினி அதை எல்லாக் கேமராவுலயும் தேடிப் பாக்கும். உங்க அளத்துக் கேமரா உள்பட. உங்க ஆஸ்பத்திரிச் சீட்டும் எங்கிட்ட இருக்கும்மா. அந்த மூணு மாசமும் நீங்க கண்ணுல கட்டோட இருந்திருக்கீங்க. உங்க வளையத்தைப் போட்டுக்கிட்டு நடந்தது யாருன்னு சொன்னா, உங்க மேல இருக்கறது இன்னைக்கே போயிரும்."

"போயி?"

"அவங்க மேல ஏறும்."

"அவங்ககிட்ட எதைப் பிடிப்பாவ?"

"கணினிதான் தேடிச் சொல்லும். ஒரு ஆளுக்கு அரசாங்கம் என்னென்ன கொடுத்து வச்சிருக்குன்னு எனக்கே முழுசாத் தெரியாது."

கனி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"ரெண்டாவது எங்க கங்காணி, சார். ராஜபாண்டி."

வீட்டில் அதைக் கேட்டு மாரிக்கு வயிறு வலிக்கும்வரை சிரிப்பு.

"கங்காணி மூஞ்சியவா? உலகத்துல இருக்க மூஞ்சியெல்லாம் விட்டுட்டு, அந்தப் பலாக்கொட்டையவா பத்திரமா வச்சிருக்கிய?"

"கூலி வாங்க வேண்டாமா? அந்தாளு எந்தப் பக்கம் நிக்காருன்னு தெரியணும்லா."

"என்னையப் போட்டிருக்கலாம்ல?"

"ஒன்னையத்தான் தெனமும் பாக்கனே. நீ எங்க போவப்போற?"

மாரி சிரிப்பை நிறுத்திவிட்டு அவளை ஒரு கணம் பார்த்தாள். கனி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆனி மாதத்தில் அளத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வெள்ளைக்குள் போனார்கள். தலைச்சுமையை மறைக்கக் கூடாது என்பது விதி. அதனால் கூடைகள் மட்டும் மிஞ்சின. உப்பு நிறைந்த கூடைகள் ஓராள் உயரத்தில் வரப்புகளின் மேல் வரிசையாக மிதந்து வந்தன. அம்பாரத்தின் அருகில் வந்து கவிழ்ந்தன. வெறும் கூடைகளாகத் திரும்பிப் போயின. சில கூடைகளுக்குக் கீழே பாட்டு கேட்டது. ராஜபாண்டி கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாருமில்லாத அளத்தைப் பார்த்து விரட்டிக்கொண்டிருந்தார்.

மாரி மட்டும் இருந்தாள். வெள்ளை வெளியில் ஒரே ஒரு ஆள். பச்சைச் சேலையும், ஆண்பிள்ளைச் சட்டையும், வாயோயாத பேச்சும். கனி அவளையே பார்த்துக்கொண்டு வேலை செய்தாள். அதிகம் பார்த்தால் கடைசியில்தான் போகும் என்று கணக்கு. கொஞ்சம் பேசாமல் இரு, முகத்தை அசைக்காதே என்று சொல்லிப்பார்க்கலாமா என்றுகூட நினைத்தாள். மாரியிடம் அதைச் சொல்வது காற்றைச் சும்மா இரு என்பதுபோல.

ஆடி இரண்டாம் வெள்ளி. காற்று வாரி அடித்தது. மாரி பரமக்குடி மாமியாரைப் பற்றி ஒரு கதை சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள்.

"கொழம்பு வச்சா உப்பில்லம்பா அந்தக் கெழவி. நான் உப்பளத்துக்காரி, என்கிட்டயே உப்பில்லன்னா எனக்கு எப்படி இருக்கும்? மறுநாள் ஒரு கை அள்ளி..."

பச்சைச் சேலை போய்விட்டது. அவள் இருந்த இடத்தில் வரப்பும், வரப்புக்கு அப்பால் உப்பும், உப்புக்கு அப்பால் வானமும் ஒரு கோடு பிசகாமல் இருந்தன. கூடை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"...போட்டேன் பாருங்க, கெழவி அன்னைக்கு ஆறு செம்புத் தண்ணி குடிச்சா. என்ன மைனி, சிரிக்க மாட்டேங்கிய?"

கனி நின்றுவிட்டாள். கூடை நின்றது. திரும்பி அவளிடம் வந்தது.

"நானும் போயிட்டனா?" என்று கூடைக்குக் கீழிருந்து குரல் கேட்டது.

அன்றிலிருந்து மாரி பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. பேச விஷயம் இல்லாதபோது கையால் தொடையில் தட்டிக்கொண்டே நடந்தாள். வீட்டில் சோறு வடிக்கிற பானை தானாகச் சாய்ந்தது. துடைப்பம் தானாகப் பெருக்கியது. ஒருநாள் சாப்பிட்ட பிறகு மாரி சொன்னாள், "கண்ணாடியக் கழத்துங்க மைனி."

கழற்றினாள். இருட்டு. மாரி அவள் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். நெற்றி, மூக்குத்தி, வெடித்த உதடு. கன்னத்தில் காய்ந்த உப்பு நறநறவென்று விரலில் ஒட்டியது.

"இருக்கனா?"

"இருக்க."

"எம் போட்டோவக் குடுத்தா கண்டுபிடிச்சிருவாவன்னுதான குடுக்கல?"

கனி கைகளை எடுக்கவில்லை. விரல்களுக்குக் கீழே கன்னம் அசைந்து, பிறகு அசையாமல் நின்றது.

மறுநாள் மாரி வேலைக்கு வரவில்லை. தலைவலி என்றாள். கனி சாயங்காலம் திரும்பி வந்தபோது வீடு சத்தமில்லாமல் இருந்தது. கோபமாக இருக்கிறாள் என்று கனிக்குத் தோன்றியது.

"நான் வேணும்னா செஞ்சேன்?" என்று சுவரோரம் கிடந்த பாயைப் பார்த்துக் கேட்டாள். "ஒனக்கு என்ன இருக்கு, அவன் பிடுங்கறதுக்கு? அரிசிக் கார்டு கெடையாது, வீடு கெடையாது. இல்லாதவகிட்ட கை வச்சா எதுல வைப்பான்னு எனக்குப் பயமா இருக்கு மாரி. எனக்குக் கண்ணு போனா போவுது. அது முன்னாடியே போனதுதான."

பாய் பேசவில்லை. கனி ஒரு தட்டில் சோறு போட்டுப் பாயின் முன்னால் வைத்தாள். உட்கார்ந்து காத்திருந்தாள். சோற்றின் ஆவி அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது.

"யாருகிட்டப் பேசிக்கிட்டிருக்கிய?" என்று வாசலிலிருந்து மாரியின் குரல் கேட்டது.

கனி மெதுவாகத் தட்டை எடுத்து வைத்தாள். "எங்கட்டி போன?"

"கீரை வாங்க."

கீரைக்கட்டு ஒன்று காற்றில் ஆடிக்கொண்டே வந்து முறத்தில் இறங்கியது.

புரட்டாசி முதல் நாள் காலையில் கனி கண்ணாடியைப் போட்டதும் கூரைமேல் காக்கை இருந்தது.

ஒன்றல்ல, நாலு. தெருவில் நாய் படுத்திருந்தது. பால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், குடத்தோடு வருகிறவர்கள் என்று தெரு நிரம்பி வழிந்தது. கனி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். போனில் செய்தி வந்திருந்தது. வழிப்போக்கரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். தங்கள் மீதான ஈடு நீக்கப்பட்டது.

"மாரி! ஏட்டி மாரி! இங்க வந்து பாரு!"

"பின்னாலதான் நிக்கேன்," என்றது குரல்.

கனி திரும்பினாள். வாசல்படி இருந்தது. நிலையில் பூசிய மஞ்சள் இருந்தது.

"எங்க நிக்க?"

"இங்கனதான் மைனி." சிரிக்க முயன்ற குரல். "நீங்க என்னைய எப்பவுமே கடைசியாத்தான் பாப்பிய. கொஞ்சம் பொறுங்க, வந்துரும்."

வரவில்லை. அளத்துக்குப் போனார்கள். வாசலைத் தாண்டுகிற ஒவ்வொரு பெண்ணின் கையிலும் வளையம் ஒருமுறை கீச்சிட்டது. தை மாசம் தன் பேரில் பதிவு செய்து வாங்கிய வளையம் மாரியின் கையில் இருந்தது. கீச்சிடவில்லை. இன்னும் ஒருமுறை நடந்து பார்த்தாள் போல. ராஜபாண்டி தலையைச் சொறிந்தார்.

"ஒன் வளையம் செத்துப்போச்சு மாரி. கேமராவும் பதினொரு ஆளுன்னுதான் காட்டுது. எனக்கு நீ தெரியுத, நான் என்ன செய்ய? எண்ணிக்கையில இல்லாத ஆளுக்குக் கூலி போட முடியாதுல்லா." பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டார். "எனக்கே இப்பம் மங்கலாத்தான் இருக்கு. தை மாசம் ஆபரேசனுக்கு எழுதியிருக்கு, கனியக்கா மாதிரி."

கனி கூடையைக் கீழே வைத்துவிட்டு நேரே பேருந்து ஏறினாள்.

கூடத்தில் முப்பது நாற்காலிகளிலும் ஆட்கள் இருந்தார்கள். அத்தனை முகங்களையும் ஒன்றாகப் பார்த்ததில் அவளுக்குத் தலை சுற்றியது. சிலர் கண்ணாடி போட்டிருந்தார்கள், நாற்காலி நுனியில் கைகளை ஒடுக்கி உட்கார்ந்திருந்தார்கள். தேவசகாயம் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"அவங்களாவே வந்து எழுதிக் கொடுத்தாங்கம்மா. ஆவணி கடைசியில. நான் ரெண்டு தடவை யோசிக்கச் சொன்னேன். எனக்கு மாமியார் கதை ஒண்ணு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டாங்க."

"அவகிட்ட என்னத்த எடுத்திய?"

அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அவங்க பேர்ல எந்தத் திட்டமும் இல்ல. கணினி ஒரு வாரம் தேடிச்சு. கடைசியில ஒண்ணு கிடைச்சுது. எல்லாருக்கும் இருக்கறதுதான், நாமதான் அதை உதவின்னு நினைக்கறதில்ல."

"என்னது?"

"அடையாளம் காணறது. ஒரு கேமரா உங்களைப் பாத்து ஆளுன்னு எண்ணுதே, வாசல் உங்களுக்குத் திறக்குதே, அதுவும் அரசாங்கம் இலவசமாக் கொடுக்கற சேவை. அதைக் குறைச்சிருக்கு."

"எவ்வளவு?"

"நூறு சதவீதம்."

கனிக்கு அது விளங்க நேரம் ஆனது. அளத்து வாசல், பேருந்து, ஆஸ்பத்திரி. அப்புறம் அவள் தன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"உங்க கண்ணும் அரசாங்கக் கண்ணுதாம்மா," என்றார் அவர்.

"எத்தன நாளைக்கு?"

"கூடிப்போனது முழுசா ஈடாகற வரைக்கும். ஒருத்தரை ஆள்னு எண்ணறதுக்கு ஒரு நாளைக்கு என்ன மதிப்புன்னு இன்னும் அரசாணை வரலை. அது வந்தாத்தான் கழிக்க ஆரம்பிப்பாங்க."

ஐப்பசி பிறந்தது. வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. அந்த வருஷமும் முதலாளி அளத்தை நிறுத்தவில்லை. முதல் தேதியே கனியின் போனில் செய்தி வந்துவிட்டது. மழைக்கால நிவாரணம், முதல் மாதம், வரவு வைக்கப்பட்டது.

மறுநாள் விடிந்ததும் இருவரும் அளத்துக்கு நடந்தார்கள். தொடையில் தட்டுகிற சத்தம் கனியின் பக்கத்தில் கூடவே வந்தது. ஈர வரப்பில் அவள் காலடிகளுக்கு அருகில் இன்னொரு வரிசைக் காலடிகள் ஒவ்வொன்றாகப் பதிந்தன. அதையாவது மறைக்கவில்லை என்று கனி நினைத்துக்கொண்டாள். வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று, தன் மணிக்கட்டிலிருந்த வளையத்தைக் கழற்றினாள்.

"கையக் குடு."

"வேண்டாம் மைனி. போன தடவ இதுலதான வந்துச்சு எல்லாம்."

"தெரியும்."

"மறுபடி பிடிப்பான்."

"பிடிக்கட்டும். முதல்ல காக்கா போவும், பெறகு நாய் போவும். எந்த வரிசையில போவும்னு எனக்கு இப்பம் தெரியும்லா. கையக் குடு."

தொடையில் தட்டுகிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, உப்பு வெடிப்பு நிறைந்த ஒரு கை அவள் உள்ளங்கையில் வந்து அமர்ந்தது. கனி அதன் மணிக்கட்டைத் தடவிக் கண்டுபிடித்து வளையத்தைப் பூட்டினாள். பூட்டிய கணமே வளையமும் மறைந்தது.

"கங்காணிகிட்ட இன்னைக்கு என்ன சொல்ல?" என்று மாரி கேட்டாள்.

"ஆள் மாத்துன்னு சொல்லு. அவருக்குத் தெரியாததா?"

"பலாக்கொட்டைக்கு நான் தெரியுத வரைக்கும் தெரியும்," என்றாள் மாரி. சிரித்தாளா என்று தெரியவில்லை.

காலடிகள் வாசலை நோக்கிப் போயின. யாரும் தாண்டாத வாசலில் ஒரு கீச்சு எழுந்தது. வருகைப் பலகையில் பதினொன்று என்று எண் மாறியது, அதற்குக் கீழே சண்முகக்கனி என்று பெயர் வந்தது. உள்ளே ஒரு வெறும் கூடை தரையிலிருந்து எழும்பி, ஓராள் உயரத்தில் நின்று, தும்பைப்பூ நிறத்து வெளிக்குள் நடந்தது.

கனி வாசலுக்கு வெளியே மதகின் மேல் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போக அவசரம் ஒன்றும் இல்லை. அம்பாரத்தின் உச்சியில் காக்கைகள் வந்து உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்குக் கழுத்தில் சாம்பல் நிறம் கூடுதல். ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. ஒன்று தூக்குவாளிகளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஒன்றுவிடாமல், ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் பார்த்தாள்.